பன்னிரண்டு பீஸ் ஆர்டருக்கும் கட்டுப்பாட்டு வரைபடம்

கோயம்புத்தூரில் வால்வு, பம்பு, ஹைட்ராலிக் சிலிண்டர் ஆகியவற்றுக்கான பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையில் தரக்கட்டுப்பாட்டைக் கவனித்து வருகிறேன். எங்களுக்கு வரும் ஆர்டர்களில் பெரும்பாலானவை 6 பீஸிலிருந்து 30 பீஸுக்குள் அடங்கிவிடும். ஒரே டிராயிங் மறுபடி வருவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். வராமலே போவதும் உண்டு. இத்தகைய பட்டறைகளில் புள்ளியியல் தரக்கட்டுப்பாடு என்ற பேச்சை எடுத்தாலே, ஒரே பாகத்தை லட்சக்கணக்கில் ஓட்டும் தொழிற்சாலைகளுக்குத்தான் அது பொருந்தும் என்ற பதில் வந்துவிடும். எங்கள் பட்டறையில் அந்த முறை பயன் தந்த விதத்தையும், பாடநூல் சொல்லும் வடிவத்திலிருந்து அதை எங்கெங்கே மாற்ற வேண்டியிருந்தது என்பதையும், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்தப் பதிலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அளவுகளை வரிசையாகப் புள்ளியிட்டு, இயல்பான ஏற்ற இறக்கத்துக்கான எல்லைக்கோடுகளோடு ஒப்பிடும் கட்டுப்பாட்டு வரைபடத்தை அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் முன்வைத்தபோது, அவர் பணியாற்றிய பெல் தொலைபேசி நிறுவனக் குழுமம் ஒரே வகைக் கருவிகளைப் பெரும் எண்ணிக்கையில் செய்துகொண்டிருந்தது. ஐந்து ஐந்து பீஸாக இருபது, இருபத்தைந்து மாதிரிகள் எடுத்து, அவற்றின் சராசரியையும் வீச்சையும் (மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்) கொண்டு எல்லைகளைக் கணக்கிட வேண்டும் என்ற வழக்கமான அறிவுரை அத்தகைய சூழலில்தான் இயல்பாக அமையும். அதன்படி பார்த்தால் எல்லைக்கோடு வரைவதற்கே 100 பீஸுக்கு மேல் வேண்டும். 12 பீஸ் ஆர்டரில் எல்லை கிடைக்கும் முன்பே சரக்கு வண்டியேறிவிடும்.

ஆனால் ஷூஹார்ட்டின் அடிப்படைக் கேள்விக்கும் பீஸ்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. நம் கண்ணில் படும் ஏற்ற இறக்கம் அந்தச் செயல்முறையோடு கூடவே பிறந்ததா, அல்லது தனியாகத் தேடிக் கண்டுபிடிக்கத்தக்க ஒரு காரணத்தால் வந்ததா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. எங்கள் பட்டறையில் பாகம் நாளுக்கு நாள் மாறுகிறது, மெஷின் மாறுவதில்லை. அதே சி.என்.சி. லேத் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்), அதே சக் (பாகத்தைப் பிடிக்கும் பகுதி), அதே வகை இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டு முனை), அதே மூலப்பொருள், அதே ஆட்கள். ஆகவே வரைபடம் பாகத்துக்கு உரியதாக இருக்கக் கூடாது, அதைச் செய்யும் செயல்முறைக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். எங்கள் வேலையில் பயன் தந்த ஏறத்தாழ எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து வந்தவைதான்.

நடைமுறையில் இதைச் செய்வது எளிது. அளந்த விட்டத்தை அப்படியே குறிக்காமல், டாலரன்ஸின் (டிராயிங் அனுமதிக்கும் அளவு வரம்பின்) நடுமதிப்பிலிருந்து அது எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகியிருக்கிறது என்று குறித்தால் போதும். 28 மி.மீ. தண்டுக்கு எச்7 (h7, அனுமதி வரம்புக்கான குறியீடு) என்று டிராயிங் கேட்டால், அனுமதி 0 முதல் −21 மைக்ரான், குறியளவு, அதாவது நடுமதிப்பு, 27.9895. 40 மி.மீ. தண்டுக்கு ஜி6 என்றால், அனுமதி −9 முதல் −25 மைக்ரான், குறியளவு 39.983. விட்டங்கள் வெவ்வேறாக இருந்தாலும் விலகல்கள் ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாக உட்காரும். ஒரு லேத்தில் ஒரு மாதம் ஓடிய பத்துப் பதினைந்து சிறு ஆர்டர்கள் சேர்ந்து ஒரே தொடர்ச்சியான வரலாறாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 28 மி.மீ. வேலையில் ஆறு பீஸின் விலகல்கள் +2, −1, +3, 0, −2, +1 என்றும், அடுத்து ஓடிய 40 மி.மீ. வேலையில் ஐந்து பீஸின் விலகல்கள் +1, +4, −1, +2, 0 என்றும் வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த பீஸ்களுக்கு இடையேயான வித்தியாசத்தை நகரும் வீச்சு என்கிறோம். முதல் வேலையில் அவை 3, 4, 3, 2, 3. இரண்டாவதில் 3, 5, 3, 2. ஒன்பது வீச்சுகளின் சராசரி 3.1 மைக்ரான். இதை 2.66 என்ற வழக்கமான மாறிலியால் பெருக்கினால் 8.3 வரும், பூச்சியத்துக்கு மேலும் கீழும் அதுவே, ஒவ்வொரு பீஸையும் ஒரு புள்ளியாகக் குறிக்கும் தனிமதிப்பு வரைபடத்தின் எல்லை. நகரும் வீச்சுக்கான மேல் எல்லைக்கு 3.267 ஆல் பெருக்க வேண்டும்; அது சுமார் 10 மைக்ரான். ஒன்பது வீச்சுகள் மிகக் குறைவு என்பதால் இவற்றைத் தற்காலிக எல்லைகள் என்றே எழுதி வைத்து, தரவு சேரச் சேரத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

ஒரு செட்டிங்கின் (ஒரு வேலைக்காக மெஷினைத் தயார் செய்து வைக்கும் ஏற்பாட்டின்) கடைசிப் பீஸுக்கும் அடுத்த செட்டிங்கின் முதல் பீஸுக்கும் இடையேயான வித்தியாசத்தை நான் எல்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்ப்பவர்களும் உண்டு. சேர்த்தால் செட்டிங் மாற்றத்தின் சிதறலும் எல்லைக்குள் கலந்து, எல்லை அகன்றுவிடுகிறது. செட்டிங் தவறியிருந்தாலும் வரைபடம் மௌனமாக இருந்துவிடும். செட்டிங்குக்குள் இருக்கும் சிதறலை மட்டும் கொண்டு எல்லை போட்டால், சரியாக அமையாத செட்டிங் முதல் சில புள்ளிகளிலேயே தெரிந்துவிடுகிறது. சிறு ஆர்டர்களில் இழப்புக்குப் பெரும்பாலும் செட்டிங்தான் காரணமாக இருப்பதால், அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் கணக்கையே தேர்ந்தெடுத்தோம்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் இன்னொரு முக்கியமான செய்தியும் இருக்கிறது. இயல்பான ஏற்ற இறக்கமே ±8.3 மைக்ரான் இருக்கும் மெஷினில் ஜி6 வேலைக்குக் கிடைக்கும் இடம் ±8 மட்டுமே. எச்7 வேலைக்கோ ±10.5 இருக்கிறது. அப்படியானால் இந்த லேத்தில் எச்7 வேலையைத் தயக்கமின்றி ஏற்றலாம். ஜி6 வேலையை ஏற்றினால் ஒவ்வொரு பீஸையும் அளந்தே ஆக வேண்டும், அல்லது கிரைண்டிங்குக்கு விட்டுவிட வேண்டும். இந்தத் தகவல் விலைப்புள்ளி கொடுக்கும் மேசைக்குப் போன பிறகுதான் எங்கள் முதலாளிக்கு வரைபடத்தின் மீது உண்மையான அக்கறை வந்தது. எந்த வேலையை எந்த மெஷினுக்கு அனுப்பலாம், எதற்குக் கிரைண்டிங் செலவு சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை, புதிய டிராயிங் கையில் கிடைத்த அன்றே சொல்ல முடிகிறது.

எவற்றை ஒரே வரைபடத்தில் சேர்க்கலாம் என்பதில் கவனம் வேண்டும். வெளிவிட்டக் கடைசலையும் உள்விட்டப் போரிங்கையும் நாங்கள் ஒருபோதும் கலப்பதில்லை. போரிங் பாரின் (உள்விட்டத்தை வெட்டும் கருவித் தண்டின்) நீளம் கூடக்கூட வளைவும் அதிர்வும் கூடுவதால் அதன் சிதறலே வேறு. சாதாரண எஃகையும் எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகு வகையையும் பிரித்து வைக்கிறோம். சேர்த்த பிறகும், ஏதேனும் ஒரு பாகத்தின் சராசரி நகரும் வீச்சு, ஒரே வரைபடத்தில் சேர்த்த பாகங்களின் குடும்பத்தின் சராசரியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நின்றால் அதை வெளியே எடுத்துத் தனியாகப் பார்க்கிறோம். இந்த ஒன்றரை மடங்கு எங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட அளவுதான்; கோட்பாடு எதுவும் அதன் பின்னால் இல்லை. சிதறல்கள் வேறுபட்டாலும் ஒரே தாளில்தான் பார்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு விலகலையும் அந்தக் குடும்பத்தின் சராசரி நகரும் வீச்சால் வகுத்துவிடலாம். அப்போது எல்லா வேலைக்கும் எல்லை ±2.66 என்று ஒன்றாகிவிடும். கணக்கு நேர்த்தியாக இருந்தாலும், புள்ளியைப் பார்த்தவுடன் எத்தனை மைக்ரான் என்பது ஆபரேட்டருக்குத் தெரியாமல் போவதால், அதை என் மேசையோடு நிறுத்திக்கொண்டேன். மெஷின் பக்கத்தில் தொங்கும் தாள் மைக்ரானில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அளவீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் சிறு தொகுதியில் அளவீட்டுப் பிழை மறைவதற்கு இடம் அதிகம். ஆயிரம் பீஸ் ஓடும் இடத்தில் கேஜில், அதாவது அளக்கும் கருவியில், உள்ள கோளாறு எப்படியும் ஒருநாள் வெளிப்பட்டுவிடும். எட்டுப் பீஸ் ஆர்டரில் கேஜின் சிதறலையே மெஷினின் சிதறல் என்று நம்பி, நல்ல மெஷினைக் குறை சொல்ல நேரிடும். 16 மைக்ரான் டாலரன்ஸை 10 மைக்ரான் பிரிவுள்ள மைக்ரோமீட்டரால் அளப்பதில் பொருளில்லை. நகரும் வீச்சுகளின் நிரலில் 0, 10, 0, 0, 10 என்று இரண்டே எண்கள் மாறி மாறி வந்தால், வரைபடம் மெஷினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, கருவியின் பிரிவு போதவில்லை என்பதைத்தான் சொல்கிறது. அத்தகைய தாளைக் கண்டால் முதலில் ஒரு மைக்ரான் பிரிவுள்ள கருவியைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

கருவி ஆய்வுக்கு 10 பாகங்கள், 3 பேர், இரண்டு அல்லது மூன்று முறை அளத்தல் என்பது வழக்கமான ஏற்பாடு. ஒரே எண் கொண்ட பத்துப் பீஸ் கிடைக்காத இடத்தில், ஏறக்குறைய ஒரே விட்டமுள்ள வெவ்வேறு பாகங்களை எடுத்துக்கொண்டு, குறியளவிலிருந்து விலகலை வைத்தே அதே ஆய்வைச் செய்யலாம். மொத்த டாலரன்ஸில் அளவீட்டின் சிதறல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கருவியால் அந்த வேலையைத் தீர்ப்பிடக் கூடாது. எங்கள் இடத்தில், துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகமாகத் தெரிந்தது. கேஜை ஆட்டி மிகச்சிறிய அளவைப் பிடிக்கும் கைப்பழக்கம் எல்லோருக்கும் ஒன்றாக வரவில்லை. இளம் பையன்களை மூத்த ஆபரேட்டரின் பக்கத்தில் நிறுத்தி, விட்டம் துல்லியமாகத் தெரிந்த மாஸ்டர் ரிங்கில் திரும்பத் திரும்ப அளக்கச் சொன்னதில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. புதிய கருவி வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

வெப்பநிலை எங்கள் ஊரில் தனிக் கணக்கு. டிராயிங்கில் உள்ள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. கோடைப் பிற்பகலில் பட்டறைக்குள் 32 டிகிரிக்குக் குறையாது. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு, சுமார் 23 மைக்ரான். எஃகுப் பாகத்தை எஃகுக் கருவியால், இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்கும்போது அளந்தால் பிழை ஏறத்தாழ ஈடாகிவிடும். 120 மி.மீ. துளையுள்ள அலுமினிய ஹவுசிங்கை எஃகு மாஸ்டரில் செட் செய்த கேஜால் 32 டிகிரியில் அளந்தால், துளை 16 மைக்ரானுக்கு மேல் பெரிதாகக் காட்டும். இந்தத் துளைக்கான எச்7 (H7) அனுமதியே 35 மைக்ரான்தான். நாம் நடு அளவில் முடித்ததாக நினைத்து அனுப்பிய பீஸ், வாடிக்கையாளரின் குளிரூட்டிய அளவீட்டு அறையில் கீழ் எல்லையின் ஓரத்தில் போய் நிற்கும். ஆகவே அலுமினிய வேலைகளுக்குப் பாகத்தின் வெப்பநிலையையும் தாளில் ஒரு நிரலாகச் சேர்த்தோம். கடைசல் முடிந்த சூட்டோடு அளக்காமல், மாஸ்டருக்குப் பக்கத்தில் ஒரே இரும்புத் தட்டின் மேல் வைத்து ஆறவிட்டு அளப்பது இப்போது எங்களிடம் எழுதப்படாத சட்டம்.

செட்டிங்குக்கு வருவோம். முதல் பீஸ் 12 மைக்ரான் கூடியிருந்தால் ஆஃப்செட்டில் (வெட்டு முனையின் நிலையைத் திருத்த மெஷினில் கொடுக்கும் எண்ணில்) 12 குறைப்பது, அடுத்தது 6 கூடினால் 6 குறைப்பது, அதற்கடுத்தது 6 குறைந்தால் 6 கூட்டுவது என்று ஒவ்வொரு பீஸுக்கும் முழுத் திருத்தம் செய்வது எங்கும் காணும் பழக்கம். செயல்முறை நிலையாக இருக்கும்போது இப்படித் திருத்திக்கொண்டே போனால் சிதறலின் வர்க்கம் இரட்டிப்பாகும். திட்ட விலக்கம் 1.4 மடங்காகும். புனல் வழியாகக் கோலி விழவிட்டுத் தரக்கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் விளக்கிக் காட்டியது இதைத்தான். அதே சமயம், திருத்தவே கூடாது என்று பத்துப் பீஸ் ஆர்டரில் சொல்ல முடியாது. செட்டிங் உண்மையிலேயே தள்ளியிருக்கலாம். ஃபிராங்க் கிரப்ஸ் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1954-இல் வெளியிட்ட விதி இந்த இடத்தில் அருமையாகக் கைகொடுக்கிறது. முதல் பீஸின் விலகல் முழுவதையும் திருத்த வேண்டும். இரண்டாம் பீஸின் விலகலில் பாதி. மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு. நான்காவதில் கால் பங்கு. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் திருத்தம் −12, −3, +2 என்று போய் விரைவில் அடங்கிவிடும். நான்கைந்து பீஸுக்குப் பின் வரைபடம் எச்சரிக்காதவரை ஆஃப்செட்டைத் தொடுவதில்லை. எங்கள் பட்டறையில் மிகக் குறைந்த விளக்கத்தில் மிக விரைவாக வேரூன்றிய பழக்கம் இதுவே. எஸ்.எஸ். வேலைகளில் இன்செர்ட் தேய்வதால் விட்டம் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போவதை மட்டும் இந்த விதியோடு குழப்பக் கூடாது. அது காரணம் தெரிந்த நகர்வு, அதற்குத் தேய்மானக் கணக்கில் தனித் திருத்தம் கொடுக்க வேண்டும்.

டாலரன்ஸின் நடுப் பாதியைப் பச்சை என்றும், இருபுறமும் உள்ள கால் பாகங்களை மஞ்சள் என்றும், வெளியே உள்ளதைச் சிவப்பு என்றும் பிரித்து, தொடர்ந்து ஐந்து பீஸ் பச்சையில் வந்தால் செட்டிங் சரி என்று கொள்ளும் முறையையும் பயன்படுத்திப் பார்த்தோம். கணக்கு வேண்டாம் என்பதால் ஆபரேட்டர்களுக்கு அது பிடித்தது. ஆனால் ஆறு பீஸ் ஆர்டரில் ஐந்து பச்சை வரும்வரை காத்திருப்பதற்கும் ஆர்டரை முடிப்பதற்கும் வேறுபாடில்லை. மெஷினின் சிதறலே டாலரன்ஸை நிரப்பும் வேலையில் நல்ல செட்டிங்கும் பச்சையில் நிற்காது. 20 பீஸுக்கு மேற்பட்ட, டாலரன்ஸ் தாராளமான வேலைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம்.

வாடிக்கையாளர்கள் கேட்கும் இரண்டு விஷயங்களில் நாம் தெளிவாகப் பேசியாக வேண்டும். ஒன்று, பத்துப் பீஸுக்கு சி.பி.கே. (Cpk) மதிப்புக் கேட்பது; செயல்முறையின் சிதறல் டாலரன்ஸுக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்று காட்டும் எண் அது. பத்துப் பீஸை அளந்து 1.33 வந்தால், உண்மை மதிப்பு சுமார் 0.7 முதல் 2.0 வரை எங்கும் இருக்கலாம். 30 பீஸ் அளந்தாலும் 0.97 முதல் 1.70 வரை அதன் ஐயம் நீளும். அத்தகைய எண்ணைத் தனியாக அறிக்கையில் எழுதிக் கொடுப்பது யாருக்கும் பயன்படாது. அதற்குப் பதிலாக, அந்த மெஷின் குடும்பத்தின் விலகல் வரைபடத்தையும், அதிலிருந்து பெற்ற சிதறலையும், இந்த ஆர்டரின் எல்லாப் பீஸ்களின் அளவுகளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். விளக்கிச் சொன்னபோது பெரும்பாலான தரப் பொறியாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், படிவத்தில் சி.பி.கே. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பவர்களுக்கு, எண்ணோடு அதன் ஐய எல்லையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இன்னொன்று மாதிரிச் சோதனை. 20 பீஸில் ஒன்று பழுதாக இருந்து, அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், அந்தப் பழுது கண்ணில் படாமல் போக 75 சதவீத வாய்ப்பு உண்டு. 13 பீஸ் எடுத்தாலும் 35 சதவீத வாய்ப்பு மிஞ்சும். இந்த அளவில் மாதிரி எடுப்பதால் மிச்சமாகும் நேரம் மிகச் சிறிது. விடுபடும் ஆபத்தோ பெரிது. முக்கிய அளவுகளை எல்லாப் பீஸிலும் அளந்து, அந்த எண்களையே வரைபடத்தில் இடுங்கள். முக்கியமில்லாத நீளங்களையும் சாம்பர்களையும் (விளிம்புச் சரிவுகளையும்) முதல் பீஸிலும் கடைசிப் பீஸிலும் பார்த்தால் போதும். எந்த அளவு முக்கியம் என்பதை டிராயிங் வந்த அன்றே வாடிக்கையாளரிடம் கேட்டுக் குறித்துவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி எங்கள் சோதனை நேரத்தை எவ்வளவோ குறைத்திருக்கிறது.

வரைபடத்தைத் தர அலுவலகத்தில் கணினியில் போடுவதா, மெஷினருகே ஆபரேட்டர் கையால் போடுவதா என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. நான் கைத்தாளின் பக்கம். புள்ளியை வைப்பவருக்குத்தான் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று தெரியும். இன்செர்ட் மாற்றியது, கூலன்ட் குறைந்தது, மின்சாரம் போய் வந்தது என்று ஒரு வார்த்தை பக்கத்தில் எழுதப்பட்டால், பிறகு காரணம் தேடும் வேலை பாதி முடிந்ததாகும். எங்களிடம் நெடுங்காலம் வேலை செய்யும் ஆபரேட்டர் ஒருவர் தாளைக் காட்டி, "காலைல மொத பீஸ் எப்பவும் ஒரு பக்கமாத்தானுங்க தள்ளிப் போகுது, மெஷின் சூடேறாம ஓட்டுனா இப்படித்தான்" என்றார். புள்ளிகள் அவர் சொன்னதையே காட்டின. அதன் பிறகு காலையில் ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றிவிட்டுத்தான் நுண்ணிய வேலைகளை ஏற்றுகிறோம். இதில் மேலும் கற்க விரும்புவோருக்கு, மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்று கோயம்புத்தூரிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஷூஹார்ட்டே அக்கழகத்தின் அழைப்பின் பேரில் 1947–48-இல் இந்தியாவுக்கு வந்திருந்தார்.

கடைசியாக, ஒரே ஒரு பீஸ் மட்டும் உள்ள ஆர்டர்களைப் பற்றியும் கேள்வி எழும். பழுதுபார்ப்புக்காக வரும் பம்புத் தண்டு போன்றவை இந்த வகை. அங்கே நகரும் வீச்சுக்கு வழியில்லை. ஆனாலும் அந்த ஒரு பீஸும் தரவுதான். திருத்தம் எதுவும் செய்வதற்கு முன், முதல் வெட்டில் எதிர்பார்த்த அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு லேத்துக்கும் தனித்தாளில் குறித்து வருகிறோம். பல ஆர்டர்களின் முதல் வெட்டுகள் சேரும்போது அதற்கும் ஒரு சராசரியும் சிதறலும் கிடைக்கிறது. வெளிவிட்டத்தில் இறுதி வெட்டுக்கு எத்தனை மைக்ரான் மிச்சம் வைத்து நிறுத்தி அளக்க வேண்டும் என்பதை இப்போது அந்தத் தாளின் திட்ட விலக்கத்தைப் போல் மூன்று மடங்கு என்று கணக்கிட்டு, அந்த எண்ணை லேத்தின் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். மெஷினுக்குப் பழுதுபார்ப்பு நடந்தால் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் குறிக்கத் தொடங்குகிறோம்.